சேலம் வெயிலிலும் ஏற்காட்டுப் பனியிலும் பியர்டட் டிராகனுக்கு வீடு அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பியர்டட் டிராகன், அதாவது தாடி ஓணான், வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் வீட்டில் அறையே 20 டிகிரிதான் இருக்கும். அதனால் பெட்டிக்குள் சூட்டை எப்படிக் கொண்டுவருவது என்பதே அவர்களுக்குப் பெரிய கவலை. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு சேலத்தில் சித்திரை மாதம் 100 வாட் விளக்கை மாட்டினால், ஓணான் ஒதுங்க இடமில்லாமல் வெந்து போகும். நமக்குச் சூடான மூலை சுலபமாகக் கிடைத்துவிடும், குளிர்ந்த மூலைக்குத்தான் பாடுபட வேண்டும். அங்கிருந்து 30 கிலோமீட்டர் மலையேறி ஏற்காடு போனால் கணக்கு தலைகீழ். அங்கே இரவுக் குளிரும் பனிமூட்டத்து ஈரமும்தான் எதிரி. அதனால் பெட்டியைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் அறையைப் பற்றி யோசியுங்கள்.

வாங்கும் முன்

தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்தது. 1960களிலிருந்தே அந்த நாடு தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. உலகம் முழுக்க வீடுகளில் இருப்பவை வளர்ப்பிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை. வளர்ந்தால் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. நீளம் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டு வாழும். கல்லூரி முதலாண்டில் வாங்குகிறவர்கள், வேலை கிடைத்து வேறு ஊர் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

நம் ஊர் உயிரினங்களை இந்த ஆசைக்குள் இழுக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு, பச்சோந்தி, வடமேற்கு இந்தியாவின் முள்வால் ஓணான் ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சேர்வராயன் மலைப் பாறைகளில் வெயில் காயும் பாறை ஓணானையும் அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் நான்காம் அட்டவணையில் வந்தன. அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகளும் வந்தன. ‘யூரோமாஸ்டிக்ஸ்’ என்று விற்கப்படும் ஆப்பிரிக்க, அரேபிய முள்வால் ஓணான்கள் அந்தப் பட்டியலில் உள்ளவை. எந்த இனமானாலும் வாங்கும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரரிடம் ரசீதும், வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான எழுத்தும் வாங்குங்கள். தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஜோடியாகத் தருகிறேன் என்பார்கள். ஒரு பெட்டிக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் வலியது விளக்கடியைப் பிடித்துக்கொள்ளும், எளியதின் விரலோ வால் நுனியோ போகும். ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்துப் பாசம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சூட்டுக்கான இடப்பிடிப்பு.

முதல் படி: அறையை அளப்பது

குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் காட்டும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி, பெட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். பகல் உச்சம், விடியற்காலை தாழ்வு, ஈரப்பதம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விளக்கு வாங்கினால் அது குருட்டாம்போக்குதான்.

பெட்டிக்குள் நமக்கு வேண்டியவை இவை. விளக்குக்கு நேர்கீழே கல்லின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி. சூடான பக்கத்துக் காற்று 32க்கு அருகில். குளிர்ந்த பக்கம் 24 முதல் 29. இரவில் 20 வரை இறங்கலாம், வளர்ந்த விலங்கு 18ஐயும் தாங்கும். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம். காற்றோட்டம் நன்றாக இருந்தால் 55 வரை பயமில்லை.

சேலத்தில் கோடைப் பகல் 39, 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள கான்கிரீட் அறை, மாலை வெயில் முழுதும் வாங்கிய மேற்குச் சுவரோடு, ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறியால் அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் இறக்க முடியாது, காற்றைச் சுற்றிவிட மட்டுமே முடியும். ஆகவே அறை 36 டிகிரி என்றால் பெட்டியின் குளிர்ந்த மூலையும் 36க்குக் குறையாது. விளக்கு எரிந்தால் இன்னும் ஏறும்.

இதற்குக் கருவியைவிட இடமே மருந்து. தரைத்தளம் இருந்தால் தரைத்தளம், வடக்கு அல்லது கிழக்குப் பக்க அறை. மாடி அறைதான் கதி என்றால், மேலே மொட்டை மாடியில் தென்னங்கீற்று வேய்வதோ வெள்ளைக் குளிர்பூச்சு அடிப்பதோ அறைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஏ.சி. இருந்தால் 28இல் வைத்தால் போதும். ஏர் கூலர் வறண்ட சித்திரையில் கைகொடுக்கும். ஆனால் அது ஈரத்தை ஊதித்தான் குளிர்விக்கிறது, மழைக்காலத்தில் அதை அந்த அறையில் ஓட்டாதீர்கள்.

சமையலறைக்கு அடுத்த இடம், சாம்பிராணி போடும் பூஜை அறை, கொசுச்சுருள் கொளுத்தும் மூலை மூன்றும் வேண்டாம்.

இரண்டாம் படி: பெட்டி

வளர்ந்த ஒரு தாடி ஓணானுக்குக் குறைந்தது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். குட்டிக்கு முதலில் சிறியது, அப்புறம் பெரியது என்று இரண்டு முறை செலவழிப்பதில் அர்த்தமில்லை. முதலிலேயே பெரியதைச் செய்து, குட்டிக்கு ஒளிவிடங்களை அதிகமாக வைத்தால் போதும்.

மீன் கடைகளில் இதே அளவில் கண்ணாடித் தொட்டி ஒட்டித் தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலே திறக்கும் தொட்டியில் கை எப்போதும் மேலிருந்தே இறங்கும். மேலிருந்து வருவது எதுவானாலும் ஓணானுக்குப் பருந்துதான். நான்கு பக்கமும் கண்ணாடி என்றால் பக்கவாட்டிலும் காற்று நகராது. தச்சரிடம் சொல்லி, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் முன்பக்கம் நகரும் கண்ணாடியோடு அடித்துக்கொள்வதே சிறந்தது. உட்பக்கம் தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் பூச்சு இரண்டு மூன்று கை அடித்து, வாசனை முழுதும் போகும்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, திறந்து வையுங்கள். மூலைகளை மீன்தொட்டி சிலிக்கானால் அடையுங்கள்.

பழைய ஷோகேஸ் ஒன்றை மாற்றிக்கொள்ளலாமா என்று பலர் கேட்பார்கள். நகரும் கண்ணாடி ஏற்கெனவே இருப்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டு ஷோகேஸ்களின் ஆழம் பெரும்பாலும் ஒன்றே கால் அடி, ஒன்றரை அடிதான். அதில் வளர்ந்த ஓணான் வால் இடிக்காமல் திரும்ப முடியாது.

காற்றுத் துளைகளை எங்கே வைப்பது என்பது முக்கியம். குளிர்ந்த பக்கத்தில் கீழே ஒரு நீள்சதுரத் துளை, சூடான பக்கத்தில் மேலே ஒன்று. சூடான காற்று மேலே போகப் போக, குளிர்ந்த காற்று கீழே இருந்து தானாக உள்ளே வரும். சேலத்து வீட்டுக்கு இந்தத் துளைகள் ஒவ்வொன்றும் ஒரு அடி நீளமாவது இருக்கட்டும். ஏற்காட்டுக்குப் பாதி போதும், ஆனால் அடைத்துவிடக் கூடாது. மேலே துருப்பிடிக்காத எஃகு வலை. கண் சின்னதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுப் பல்லி விளக்கு வெளிச்சத்துப் பூச்சிக்காக உள்ளே நுழையும், ஓணான் அதைப் பிடித்துத் தின்னும், அதன் வயிற்றுப்புழு இதற்கு வரும்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். இடுப்பு உயர ஸ்டாண்ட் நல்லது. இரைக்கு வாங்கிய பூச்சி வாசனைக்கு எறும்பு வரிசை கட்டும். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் நம் பழைய வழியே போதும், எறும்பு மருந்து பக்கத்தில் வரக்கூடாது.

மூன்றாம் படி: தரை

முதல் சில மாதங்களுக்கு, குட்டியாக இருக்கும்வரை, செய்தித்தாளோ டிஷ்யூ பேப்பரோ விரியுங்கள். அழகில்லைதான். ஆனால் மலம் எப்படி இருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

வளர்ந்த பிறகு தோண்டுவதற்கு மண் தரலாம். ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்தால் சேலத்துக்கு அருமையான தரை கிடைக்கும். செம்மண் ஆறு பங்கு, மணல் நான்கு பங்கு. மணலைச் சலித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவையுங்கள். செம்மண்ணை வயலில் எடுக்காதீர்கள், அதில் பூச்சிமருந்து இருக்கும். கலந்ததை லேசாக நனைத்து, அழுத்தி, காயவிட்டால் இறுகி நிற்கும், தூசியும் பறக்காது. கட்டுமானத்துக்குக் கிடைக்கும் எம்-சாண்ட் உதவாது. அது உடைத்த கல், முனை கூர்மையாக இருக்கும். கடைகளில் வண்ணப் பொட்டலத்தில் வரும் கால்சியம் மணலும் வேண்டாம். கால்சியம் என்று நினைத்து ஓணான் நக்கும், குடலில் போய் அடைத்துக்கொள்ளும்.

மண் பராமரிக்க நேரமில்லாதவர்கள் சொரசொரப்பான தரை ஓடு பதித்துவிடுங்கள். நகம் தேயும், துடைப்பது சுலபம். வழவழப்பான ஓடு வழுக்கும்.

நான்காம் படி: சூடும் ஒளியும்

விளக்கு என்றாலே சூட்டுக்குத்தான் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சூட்டுக்கு ஒரு விளக்கு, புறஊதாவுக்கு ஒரு குழல் விளக்கு, இரண்டும் தனித்தனி.

சூட்டுக்கு ஹாலஜன் விளக்கு. சேலத்தில் 50 வாட் போதும், கோடையில் 35 வாட்டுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஏற்காட்டில் 75 அல்லது 100. இதை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை தெர்மோஸ்டாட்டோடு (வெப்பம் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) இணைக்க வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் இது கட்டாயம். தெர்மோஸ்டாட்டின் முனையை விளக்கடிக் கல்லுக்குப் பக்கத்தில், ஓணான் இழுத்துவிடாதபடி கட்டுங்கள். விளக்கைச் சுற்றிக் கம்பிக் கூடு போடுங்கள், இல்லையென்றால் தாவித் தொட்டு வயிறு சுட்டுக்கொள்ளும். சூடாகும் செயற்கைக் கல் விற்கிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். ஓணானுக்கு வெயில் மேலிருந்து வர வேண்டும். அடிவயிற்றில் படும் சூட்டை அது சரியாக உணர்வதில்லை.

புறஊதாவுக்கு ‘டி5’ வகை நீளக் குழல், 10 அல்லது 12 சதவீதம் யு.வி.பி. (புறஊதாக் கதிரில் ஓணானுக்கு வேண்டிய வகை) உள்ளது. 4 அடிப் பெட்டிக்கு 39 வாட் குழல், ஏறத்தாழ 85 செ.மீ. நீளம், சரியாக இருக்கும். சூடான பக்கத்திலிருந்து தொடங்கி நடுவைத் தாண்டும்வரை வையுங்கள், குளிர்ந்த மூலை நிழலாக இருக்கட்டும். பெட்டிக்குள் மாட்டினால் ஓணானின் முதுகுக்கு 35 முதல் 40 செ.மீ. தூரம். வலைக்கு மேலே என்றால் 25 முதல் 30, ஏனெனில் வலை மூன்றில் ஒரு பங்கு கதிரைத் தின்றுவிடும். சுருள் வடிவ பல்புகள் விலை குறைவு, ஆனால் கையகல இடத்துக்குமேல் வீசாது. குழலைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கண்ணுக்கு எரிவதாகத் தெரியும், கதிர் தேய்ந்து போயிருக்கும்.

இந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் தின்ற கால்சியம் எலும்புக்குப் போகாது. தாடை மெத்தென்றாகி, கால் வளைந்து, நடுங்க ஆரம்பித்த பிறகு மருத்துவரிடம் ஓடுவதில் பாதிப் பயன்தான்.

ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சாதாரணக் கண்ணாடி யு.வி.பி. கதிரை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். மாறாக நேரடி வெயிலை எந்தக் குழலும் ஈடுகட்டாது, அந்த விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். காலை ஏழரை மணிக்கு மேல் ஒன்பதுக்குள், கம்பிவலைக் கூண்டில், பாதிக்கு நிழல் போட்டு, பதினைந்து இருபது நிமிடம் மாடியில் வைக்கலாம். பக்கத்திலேயே நில்லுங்கள், காக்கையும் பருந்தும் மேலே சுற்றும். கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடத்தில் உயிர் போகும்.

இரவில் எந்த வெளிச்சமும் வேண்டாம், சிவப்பு விளக்கும் சேர்த்துத்தான். பகல் பன்னிரண்டு மணி நேரம், டைமர் போட்டுவிடுங்கள்.

சேலத்துக் கோடைக்கு ஒரு மாற்றம். பங்குனி முதல் வைகாசி வரை ஹாலஜனைக் காலை ஆறரை முதல் பத்தரை வரை மட்டும் எரியவிடுங்கள். அதற்குள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு இரையும் தின்றுவிடும். பிற்பகலில் யு.வி.பி. குழல் எரியட்டும், சூட்டுக்கு அறையே போதும். குளிர்ந்த பக்கம் 32ஐத் தாண்டினால், உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அந்தப் பக்கத்தில் கிடத்தி, மேலே தரை ஓடு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். ஓணான் அதன் நிழலைத் தேடி வரும்.

ஐந்தாம் படி: உள்ளே வைப்பவை

விளக்கடிக்கு ஒரு கடப்பா கல் துண்டு. சமையலறை வேலை நடக்கும் வீட்டில் வெட்டி எறிந்த துண்டே கிடைக்கும். கறுப்பு நிறம் சூட்டை வாங்கும், மெதுவாக விடும். விளிம்பை உரசி மழுக்கி, மண் மேல் வைக்காமல் பெட்டியின் அடிப்பலகையிலேயே தாங்கல் கொடுத்து நிறுத்துங்கள். மண் மேல் வைத்தால் அடியில் தோண்டி நசுங்கிச் சாகும்.

ஏறுவதற்குக் கட்டை. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காபிச் செடி கவாத்து செய்யும்போது விழும் தடித்த கிளைகள் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். கெட்டியானவை, கிளை பிரிந்தவை, பிசின் இல்லாதவை. கேட்டு வாங்குங்கள். சேலத்தில் கொய்யாக் கிளை நன்றாக உழைக்கும். பட்டையைத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். நெடுஞ்சாலை நடுவில் வளர்த்திருக்கும் அரளியின் கிளையை எடுத்து வந்துவிடாதீர்கள், அது பட்டை முதல் பூ வரை நஞ்சு. எருக்கும் அப்படியே.

பக்கவாட்டில் வாசல் உடைத்த மண்சட்டியைக் கவிழ்த்தால் ஒளிவிடம் தயார். குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாமல், குளிர்ந்த பக்கத்தில். பின்சுவரில் ஓவியம், பிளாஸ்டிக் கள்ளிச்செடி எல்லாம் நம் ஆசைக்கு.

ஆறாம் படி: காலிப் பெட்டியை ஓட்டிப் பார்ப்பது

ஓணானை வாங்கும் முன் ஒரு வாரம் பெட்டி காலியாக ஓட வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு வெப்பமானி வேண்டும். கல்லின் மேற்பரப்பை அளக்கத் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி. கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் நெற்றி வெப்பமானி இதற்கு ஆகாது. அது மனித உடம்பின் வெப்ப எல்லைக்குள் மட்டும் காட்டும்படி செய்யப்பட்டது. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வகையை வாங்குங்கள்.

மதியம் இரண்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் பாருங்கள். ஒருநாள் வேண்டுமென்றே மெயினை அணைத்து, இரண்டு மணி நேரத்தில் வெப்பம் எவ்வளவு மாறுகிறது என்றும் பாருங்கள். கரண்ட் போகும்போது என்ன செய்வது என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக

ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் 12, 13 டிகிரிக்கு இறங்கும், மழைக்காலத்தில் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வரும். இங்கே பிளைவுட் பெட்டியைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெளியே தெர்மோகோல் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் கடித்துத் தின்னும்.

இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் சூடேற்றி, தெர்மோஸ்டாட்டோடு, 20 டிகிரியில். ஈரத்துக்கும் இதுவே பாதி தீர்வு. 20 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர் அதே அளவு இருந்தும் ஈரப்பதம் ஏறத்தாழ 42 சதவீதமாகிவிடும். அதனால் பகலில் விளக்கு எரியும் பெட்டி தானே உலரும். பனி அடிக்கிறதே என்று காற்றுத் துளையை அடைத்தால்தான் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். மண் தரையை இங்கே மறந்துவிட்டு ஓடு பதியுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையில் வைத்து, மாலையில் எடுத்துவிடுங்கள்.

மூக்கில் சளி, மூச்சு விடும்போது சொடக்குச் சத்தம், குளிர்ந்த பக்கத்தில் வாய் பிளந்து கிடப்பது: இவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். விளக்கடியில் வாய் திறந்திருப்பது வேறு, அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்வது.

மலைக்கும் சமவெளிக்கும் ஓணானோடு போய்வருபவர்கள், கிளம்பும் நாளில் இரை கொடுக்காதீர்கள். சூடு இல்லாமல் தின்றது செரிக்காது, இருபது கொண்டை ஊசி வளைவில் எல்லாம் வெளியே வரும்.

வந்த பிறகு

முதல் வாரம் கையில் எடுக்காதீர்கள். தாடி கறுப்பதும் தின்ன மறுப்பதும் அப்போது சகஜம். வளரும் குட்டிக்குப் பூச்சி முக்கியம், வளர்ந்ததற்குக் கீரை முக்கியம். கிரிக்கெட் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். ஓணானின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. கீரையில் முருங்கையும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலும், செம்பருத்திப் பூவும் நம் பக்கத்தில் சுலபம். பாலக்கை அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்காட்டுச் சாலையோரம் கூடையில் விற்கும் பட்டர் ஃப்ரூட்டைத் துளிகூடக் கொடுக்கக் கூடாது. தோட்டத்தில் பிடித்த மின்மினி ஒன்றே அதைக் கொல்லப் போதும். வீட்டுக் கரப்பான் பூச்சி மருந்து தின்றதாக இருக்கும், அதுவும் வேண்டாம்.

வாங்கிய ஒரு மாதத்துக்குள் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். கடையிலிருந்து வரும் குட்டிகளில் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும் ஊசிப்புழுவும் சாதாரணம். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது, யார் எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு போங்கள். அன்று காலையில் விழுந்த மலத்தைக் காயாமல் மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு பெட்டியின் இரு பக்க வெப்ப அளவுகளையும், பெட்டி முழுதும் தெரியும் ஒரு புகைப்படத்தையும் போனில் வைத்திருங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.